முப்பத்தேழாவது வாரத்துக்குப் போன நேயர் கருத்து

பொதுவாக நான் தொலைக்காட்சி பார்க்கிறவன் அல்ல. செய்தி பார்ப்பேன். உடம்புக்கு முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலி பார்ப்பேன். முப்பத்தாறு வருஷம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவனுக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்து சிரிக்கிற பழக்கம் வராது. ‘ஒரு நிமிஷம் உலகநாதன்’ தொடரை நான் பார்க்க ஆரம்பித்தது என் மகள் லிசிக்காக. அவளுக்கு அது பிடிக்கும்.

நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நடுவில் யாரும் வார்த்தை சேர்க்க வேண்டாம்.

தொடரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வரும். உலகநாதன் துப்பறிகிறவர். துப்பாக்கி கிடையாது, கார் கிடையாது. கக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. குற்றம் நடந்த வீட்டின் கூடத்தில் அதை விரித்து உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் கேட்பார். குடித்து முடித்ததும், ‘எல்லாரும் ஒரு நிமிஷம் வாய மூடுங்க, வீடு பேசட்டும்’ என்பார். அந்த ஒரு நிமிஷத்தில் எங்கேயாவது குழாய் சொட்டும், யாராவது எச்சில் விழுங்குவார்கள். அதை வைத்துக் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். சிறுபிள்ளைத்தனமான தொடர்தான். ஆனால் ஆபாசம் கிடையாது.

மறுநாள் பதினோரு மணிக்கு ‘நேயர் கருத்து’ என்று ஒரு நிகழ்ச்சி. ஜெஸிமா என்ற பெண் நேயர்களின் கருத்துகளை வாசிப்பார். தபாலில் போனால் முதலில் வாசிப்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு டோமினிக் எழுதியது மூன்று முறை வந்துவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷத்துக்கு முன்னால்தான் எடமலைப்பட்டி புதூருக்குக் குடிவந்தார். அவர் எழுதியதில் ஒரு விஷயமும் இருக்காது. ‘உலகநாதன் சார் சட்டை சூப்பர்’ என்கிற தரம்.

நான் ஏழு கடிதம் எழுதினேன். ஒன்றும் வரவில்லை. அதை எப்படியோ தெரிந்துகொண்டு, ஒருநாள் பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது டோமினிக் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“என்ன சார், ஏழு லெட்டர் போட்டீங்களாமே?”

“போட்டேன்.”

“ஒண்ணு கூட வாசிக்கலியே. உங்க தமிழப் பாத்து காலேஜ் சர்க்குலர்னு நெனச்சு, அந்தப் பொண்ணு ஃபைல்ல போட்டுருச்சோ என்னமோ.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எங்கள் பங்கில், அந்தக் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களில், என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. சிரிக்கிற ஒரு சந்தர்ப்பம் பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்தது. அதை வரவிடாமல் தடுத்தேன். நீங்கள் கேட்க வந்தது அதைத்தான்.

லிசிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தாள். பெஞ்சமின் என்று ஒரு நல்ல வரன் அமைந்தது. வங்கி உத்தியோகம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு மூன்று நாள் இருக்கும்போது லிசி என் முன்னால் வந்து நின்று, “எனக்கு இஷ்டமில்லப்பா” என்றாள். ஸ்ரீரங்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரவீன்ராஜ் என்பவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். பள்ளி விட்டதும் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி அம்மா மண்டபம் படித்துறையில் அவனோடு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறாள். ஒன்றரை வருஷமாக.

நான் கை ஓங்கவில்லை. என் வாழ்நாளில் பெண்பிள்ளைகள் மேல் நான் கை ஓங்கியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓலை நின்றுபோனால் பங்கு முழுவதும் காரணம் கேட்கும். மாப்பிள்ளையிடம் குறை என்றால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பெண்ணிடம் குறை என்றால் என் அப்பா, தாத்தா பெயர் எல்லாம் சந்திக்கு வரும். மரியாதையோடு ஓலையை நிறுத்த ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. பெண்ணுக்குத் தேவ அழைத்தல் வந்துவிட்டது, கன்னியர் மடத்துக்குப் போகிறாள் என்றால் மாப்பிள்ளை வீட்டார்கூடக் கை கூப்புவார்கள். அப்படித்தான் நடந்தது. வடநாட்டில் ஓர் அடைபட்ட மடம் என்று சொன்னேன். அந்த மடங்களில் சேர்ந்தவர்கள் வெளியே வருவதில்லை, வீட்டுக்கு விடுமுறை கிடையாது, போய்ப் பார்த்தாலும் கம்பிக்குப் பின்னாலிருந்துதான் பேச்சு. அதனால் யாரும் அதிகம் கேட்கவில்லை. மூன்றாவது ஓலைக்குப் பதிலாக அவளுக்காக ஒரு மன்றாட்டு வாசித்தார்கள். அன்றிலிருந்து எங்களுக்குக் கோவிலில் முதல் வரிசை.

லிசி மாடியில் இருந்தாள். வாடகைக்கு விடலாம் என்று குளியலறையோடு கட்டிய அறை அது. நல்ல அறை. இரும்புக் கதவும் வெளிப்பூட்டும் நான் பிறகு போட்டது. முதல் மாதம் கத்தினாள். அப்போது அக்கம்பக்கத்து மனைகள் எல்லாம் காலி. பிறகு அவளாகவே நிறுத்திக்கொண்டாள். பிரவீன்ராஜ் ஒரு தடவை வீடு தேடி வந்தான். மடத்திலிருந்து வந்ததாக ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். படித்துவிட்டு அழுதான். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். மூன்று வருஷம் கழித்து அவன் கல்யாணப் பத்திரிகை என் கைக்கு வந்தது. லிசியிடம் கொடுத்தேன், தெரிந்துகொள்ளட்டும் என்று. அன்று ஒருநாள்தான் அவள் சாப்பிடவில்லை.

சாப்பாடு கொண்டுபோனது என் மனைவி இருதயமேரி. அழுதுகொண்டேதான் கொண்டுபோவாள், ஆனால் ஒருநாளும் பூட்டை மறந்ததில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் இறந்தாள். அடக்கத்தன்று வீடு நிறைய ஜனம். லிசி மேலே இருந்தாள். கீழே அத்தனை பேர் அழும்போது மேலே ஒருத்தி அழுதால் தனியாகக் கேட்காது என்பதால் அன்று நான் கவலைப்படவில்லை.

அதற்குப் பிறகு நானே சமைத்தேன். எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மட்டும் கொஞ்சம் சிரமம். அவளிடம் பிஸ்கட் இருந்தது. திரும்பி வந்ததும் அவளுக்கு ஒரு தொலைக்காட்சி வாங்கி வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கதவை உள்ளே சாத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நானும் அவளும் உலகநாதனைப் பார்ப்போம். கொலைகாரன் யார் என்று பாதியிலேயே சொல்லிவிடுவாள். அது என் வீட்டு மூளை.

முப்பத்தேழாவது வாரத்துக் கதையில், மண்ணச்சநல்லூர் போல ஓர் ஊரில், அரிசி ஆலை முதலாளி தன் அண்ணனை ஆலைக் கிடங்கில் எட்டு வருஷம் அடைத்து வைத்திருப்பார். காசிக்குப் போய்விட்டார் என்று ஊரை நம்பவைத்திருப்பார். உலகநாதன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் கிடங்கிலிருந்து அண்ணன் ‘காப்பாத்துங்க’ என்று கத்துவார். கதவைத் திறந்ததும் ஓடிவந்து உலகநாதனைக் கட்டிக்கொள்வார்.

மறுநாள் வாசித்த கருத்துகளைக் கேட்டு எனக்கு எரிச்சலாக வந்தது. தெருவுக்கே தெரியாமல் எட்டு வருஷம் எப்படி, நம்பும்படி எழுதுங்கள் என்று சேலத்திலிருந்து ஒருவர். கூடப் பிறந்தவனை இப்படிச் செய்கிற மனிதன் உலகத்திலேயே இருக்க மாட்டான் என்று கோவில்பட்டி அம்மாள் ஒருவர். ஜனங்களுக்கு எதுவுமே தெரியவில்லை.

லிசி என்னிடம் பேப்பர் கேட்டாள். “நானும் ஒரு கருத்து எழுதுறேன்ப்பா. போடணும்னு இல்ல. சும்மா நீங்க படிங்க.” அவள் எழுதியதை உங்கள் மேசையில் வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் எனக்கு மனப்பாடம்.

‘எட்டு வருஷம் அடைபட்டவர் கத்தமாட்டார். கத்துவது முதல் மாதத்தோடு முடிந்துவிடும். கதவு திறந்ததும் ஓடிவரவும் மாட்டார். சுவரோடு ஒதுங்கி நிற்பார். கதவு திறந்தால் ஒரே ஆள்தான் வருவார் என்று அவருக்குப் பழகியிருக்கும். அந்த ஆள் மேல் கோபம்கூட இருக்காது. அந்த ஆள் வராத நாளில்தான் பயமாக இருக்கும். ஆகவே கதாசிரியர் முடிவை மாற்றி எழுதியிருக்க வேண்டும்.’

எவ்வளவு தெளிவு பாருங்கள். ஒரு வார்த்தை அதிகம் கிடையாது. அந்த ஆள் மேல் கோபம் இருக்காது என்ற இடத்தை நான் இரண்டு முறை படித்தேன், என் மனது லேசானது. இது வாசிக்கப்பட வேண்டிய கருத்து என்று தோன்றியது. டோமினிக்கின் முகமும் ஞாபகத்துக்கு வந்தது. என் கையால் பிரதி எடுத்து, அற்புதசாமி, எடமலைப்பட்டி புதூர் என்று கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்தேன்.

அதை முதலாவதாக வாசித்தார்கள். மாதத்தின் சிறந்த கருத்து என்றார்கள். பரிசு என்ன தெரியுமா? உலகநாதனாக நடிக்கிறவர் வெற்றி பெற்றவரின் வீட்டுக்கே வந்து, ஒரு மடக்கு நாற்காலியில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அதைப் படம் பிடித்து ஒளிபரப்புவார்கள்.

எனக்கு அது தெரியாமல் இல்லை. இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறது என்று தொலைபேசியில் சொன்னேன். முடிந்ததும் வருகிறோம் என்றார்கள். உடம்பு சரியில்லை என்றேன். ஜெஸிமா டோமினிக்கிடம் விசாரித்திருக்கிறார். “சாரா? காலையில வாக்கிங் போனாரே, கல்லுக்குண்டாட்டம் இருக்காரு” என்று அவர் சொல்லிவிட்டார். பங்குச் சாமியார் பூசையிலேயே அறிவித்தார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்த இரண்டு வாரம் எனக்குத் தூக்கமில்லை. கதவு சாத்திய கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். வெளியே போனால் ஆட்கள் கை குலுக்கினார்கள், உள்ளே வந்தால் மாடிப்படி. எங்கேயும் போக முடியாமல் ஒரு மனிதன் எப்படி மூச்சு முட்டிக் கிடப்பான் என்பது உங்களுக்குத் தெரியாது.

அன்று காலையில் லிசியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நெசமாவே நம்ம வீட்டுக்கு வராராப்பா?”

“வராரு. அரைமணி நேரம். நீ கட்டில விட்டு எறங்கக் கூடாது.”

“எறங்கல. கதவு கூடத் தெறக்க வேணாம். அவரு கொரல் கேட்டாப் போதும்.”

சட்னி அரைத்து இட்லி கொடுத்தேன். சாப்பிட்டாள்.

பத்து மணிக்கு வந்தார்கள். நடிகர், ஜெஸிமா, கேமராக்காரர்கள், கூடவே பங்குச் சாமியார், தெரு ஜனம். டோமினிக் தன் வீட்டு விசேஷம் போல் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். நடிகர் நல்ல மனிதர். மோர் வாங்கிக் குடித்தார்.

ஜெஸிமா மைக்கை நீட்டினார். “சார், கதவு தெறந்தா ஒதுங்கி நிப்பாங்கன்னு எழுதியிருந்தீங்க. எங்க டைரக்டரே ஆடிப்போயிட்டாரு. இது எப்படித் தோணுச்சு?”

“யோசித்தால் தோன்றும் அம்மா.”

“வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?”

“நான் மட்டும்தான். மகள் மடத்தில் இருக்கிறாள்.”

அதோடு முடிந்திருக்கும். நாற்காலியில் கையெழுத்தும் போட்டாயிற்று. டோமினிக்தான் விடவில்லை. “சார், வந்தது வந்தீங்க, அந்த ஒரு நிமிஷத்தப் பண்ணிக் காட்டிட்டுப் போங்க சார். அற்புதசாமி சார் வீடு என்ன பேசுதுன்னு கேப்போம்.” எல்லாரும் கை தட்டினார்கள். நடிகர் சிரித்துக்கொண்டே விரலை உயர்த்தினார். கூடம் அடங்கியது.

மேலே நடக்கிற சத்தம் கேட்டது.

வேகமாக இல்லை. ஒன்பது அடி போய், திரும்பி, ஒன்பது அடி. பிறகு மறுபடி ஒன்பது. யாரோ இருவர் இது ஏற்பாடு என்று நினைத்துச் சிரித்தார்கள். நடிகர் சிரிக்கவில்லை. அவர் மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“மேல யாருங்கய்யா?”

“எலி” என்றேன்.

“எலி எப்ப சார் திரும்பித் திரும்பி நடக்க ஆரம்பிச்சுச்சு?” என்றார் டோமினிக். இந்தத் தடவை அவர் குரலில் கிண்டல் இல்லை. அவர்தான் முதலில் படியேறினார். பூட்டைப் பார்த்துவிட்டுக் கீழே குரல் கொடுத்தார். உடைத்தால் கதவு கெட்டுவிடும் என்பதால் சாவியை நானே கொடுத்தேன். ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

திறந்ததும் அவள் சுவரோடு ஒதுங்கி நின்றாள். டோமினிக் கை நீட்டினார். “வாம்மா, வா தாயி, யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க.” லிசி அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் மைக்கோடு நின்ற ஜெஸிமாவைத்தான் பார்த்தாள். பதினோரு வருஷம் கழித்து வெளியாள் ஒருவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்:

“அந்தக் கருத்து நான் எழுதினது.”

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பங்குச் சாமியார், டோமினிக், தெரு ஜனம் எல்லாரும் கேட்டார்கள். அதுவரை நான் தலை குனியவில்லை, அப்போதுதான் குனிந்தேன்.

கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று சொன்னவள் ஏன் நடந்தாள் என்று கேட்கிறீர்கள். அவளுக்குக் காலையில் நடக்கிற பழக்கம் உண்டு, மறந்திருப்பாள். என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை என்பதை அவளே கைப்பட எழுதியிருக்கிறாள்.

அறை, பூட்டு, பதினோரு வருஷம், இதெல்லாம் ஒரு தகப்பன் செய்ய வேண்டியது. அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தவறு செய்தால் ஒப்புக்கொள்கிற குடும்பம் எங்களுடையது. இன்னொருவர் எழுதியதை என் பெயரில் அனுப்பிப் பரிசு வாங்கினேன். அது குற்றம். அதை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.