விரிசலின் மேல் ஐந்து கண்ணாடிகள்

மழை கழுவிவிட்டுப் போன இந்த முற்றத்தில் தலைமையேற்று அமர்ந்திருக்கும், பழைய வீடுகள் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அய்யா அவர்களே. நான் எந்த நிமிடத்தில் தடுமாறுவேனோ என்று தண்ணீர் டம்ளரைக் கையிலேயே பிடித்திருக்கும் நகராட்சிப் பொறியாளர் அவர்களே. இந்த வீட்டின் உரிமையாளரும், முப்பத்தாறு ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் நர்ஸாக நின்றே காலம் கழித்தவரும், இன்று ஒரு நாற்காலியில் உட்காரவைக்க நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மன்றாட வேண்டியிருந்தவருமான சிஸ்டரம்மா அவர்களே. மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தூணோரம் கைகட்டி நிற்கும் கொத்தனார் அண்ணன் அவர்களே. இந்தத் தெருவின் பெரியவர்களே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மாடிப்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, தோழிகளே, உங்கள் ஒவ்வொருவருக்கும் என் பணிவான வணக்கம். அந்தப் படி தாங்கும். மணல் மூட்டை ஏற்றிப் பார்த்துவிட்டோம். தைரியமாக உட்காருங்கள்.

பின்வரிசையில் சத்தம் போதவில்லை என்று கை காட்டுகிறார்கள். மன்னிக்க வேண்டும். என் குரல் எப்போதும் இப்படித்தான். நான் குழுவுக்காக வீடுகளை அளந்து பழகியவள், பேசிப் பழகியவள் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் துணிக்கு இஸ்திரி போடுகிறவர்கள். சின்ன வயதில் அவர்களோடு வீடு வீடாகப் போவேன். மூட்டையை வாசலில் வைப்போம், ஓரமாக நிற்போம், கூப்பிட்டால் பேசுவோம், கூப்பிடாவிட்டால் காத்திருப்போம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வந்தது, அடையாள அட்டை வந்தது, அலுவலகப் பை வந்தது. வாசலோரம் நிற்கிற அந்தப் பழக்கம் மட்டும் போகவே இல்லை.

அந்தப் பழக்கத்தால் இந்த வீடு இடிய இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் பார்க்காமல் கடந்திருப்பீர்கள். முகப்பில் செடி முளைத்த வீடு. மாடி ஜன்னலில் கதவுக்குப் பதிலாகத் தகரம் அடித்த வீடு. ஏழு அறைகளில் ஐந்தைப் பூட்டிவிட்டு, பின்கட்டில் இரண்டே அறைகளில் சிஸ்டரம்மா மட்டும் குடியிருந்த வீடு. முன்னறைச் சுவரில் ஒரு விரிசல். கூரையில் தொடங்கி, வாய்க்கால் போல வளைந்து வளைந்து, தரை வரை இறங்கிய விரிசல். மேலே என் கட்டைவிரல் நுழையும். கீழே ஒரு தாள்தான் நுழையும்.

இந்த வீட்டை மீட்கலாமா, இடிக்க வேண்டுமா? குழு கேட்ட கேள்வி அதுதான். அந்தக் கேள்விக்கு விடை எழுத அனுப்பப்பட்டவள் நான்.

விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. இரண்டு விரல் அகலத்தில் மெல்லிய கண்ணாடிப் பட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சாந்து பூசிச் சுவரோடு ஒட்ட வேண்டும். பக்கத்தில் தேதி எழுத வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மூன்று மாதம் உடையாமல் இருந்தால் விரிசல் தூங்குகிறது என்று பொருள்.

கொத்தனார் அண்ணன் ஐந்து கண்ணாடி ஒட்டினார். மூன்று மேலே, ஏணி வைத்தால்தான் எட்டும். இரண்டு கீழே, கைக்கு எட்டும் உயரத்தில். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் வந்து பார்ப்பேன். சிஸ்டரம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். நான் பார்த்து, எழுதி, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவேன். நான்கு தடவை வந்தேன். நான்கு தடவையும் நாங்கள் பேசிக்கொண்டது, 'வாம்மா', 'வரேம்மா', அவ்வளவுதான்.

நான்காம் தடவை, கீழே இருந்த இரண்டு கண்ணாடியும் உடைந்திருந்தன.

என் கண்ணில் ஏதோ உறுத்தியது. விரிசல் அகலமாக இருப்பது மேலே, உடைந்ததோ கீழே. இது எப்படி? பின்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இருபது அடி நடந்து, 'அம்மா, இது எப்ப உடைஞ்சது?' என்று கேட்டிருக்கலாம். கேட்டேனா? கேட்கவில்லை. தொந்தரவு செய்யக் கூடாதே என்று நின்றேன். நின்றுவிட்டு எழுதினேன்: 'இரண்டு கண்ணாடிகள் உடைந்துள்ளன. சுவர் நகர்கிறது. அபாயம்.'

மூன்று வாக்கியம் எழுதினேன். மூன்றே வாரத்தில் இந்தக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முப்பது நாளில் காலி செய்ய வேண்டும், அதன் பிறகு இடிப்பு.

கடைசியாகப் புகைப்படம் எடுக்க என்னையே அனுப்பினார்கள். வந்தேன். முன்னறையில் சிஸ்டரம்மா பழைய இரும்புப் பெட்டி ஒன்றில் போர்வைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். போர்வையின் நான்கு மூலையும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியிருந்தன. வீட்டை விட்டுப் போகிறவர் அவ்வளவு ஒழுங்காக மடிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கொத்தனார் அண்ணன் தன் ஏணியைக் கொண்டுபோக வந்திருந்தார். ஏணி சுவரில்தான் சாய்ந்திருந்தது. ஏறினேன்.

மேலே இருந்த மூன்று கண்ணாடி மீதும் சுண்ணாம்புத் தூசி, பால் ஆடை போலப் படிந்திருந்தது. கீழே இறங்கி உடைந்த இரண்டையும் பார்த்தேன். ஒட்டியபடி மிச்சமிருந்த துண்டுகள் பளபளவென்று மின்னின. இத்தனை மாதத் தூசி ஒரு பொட்டுக்கூட இல்லை.

என் வாழ்க்கையில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"அம்மா, இத யாராச்சும் துடைச்சாங்களா?"

போர்வை மடித்த கை நின்றது.

"நான்தான் துடைச்சேன்."

"ஏம்மா?"

"ஏன்னா? நீ ஆபீஸ் பையத் தூக்கிட்டு வந்து வந்து அதையே உத்துப் பாக்குற. அழுக்கா இருந்தா என்னப் பத்தி என்ன நினைப்ப? வார்டுல தெர்மாமீட்டர் அழுக்கா இருந்தா டாக்டர் யாரக் கேப்பாரு, என்னத்தான கேப்பாரு. தெனம் காலையில வெந்நீர்ல துணிய நனைச்சு, ரெண்டையும் துடைப்பேன். மேல இருக்குறது எட்டல. அதுவே எனக்கு மனசு கேக்கல."

"அப்ப உடைஞ்சது?"

"ஒரு நாள் கொஞ்சம் அழுத்தித் தேச்சுட்டேன். பட்டுன்னு போச்சு. பதறிப்போயி அடுத்ததப் பிடிச்சேன், அதுவும் போச்சு. ஒட்டிட்டு இருக்குற துண்ட இப்பவும் தெனம் துடைச்சிட்டுதான் இருக்கேன். கவர்மெண்ட் சாமானாச்சேன்னு பயந்துட்டேன். நீ வந்தா சொல்லணும்னுதான் இருந்தேன். நீ ஒண்ணுமே கேக்கல. மூஞ்சிய இறுக்கிட்டு எழுதிட்டுப் போயிட்ட. சரி, கோவமா இருக்கபோலன்னு நானும் விட்டுட்டேன்."

ஏணியைத் தோளில் தூக்கியிருந்த கொத்தனார் அண்ணன் அதைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கும்மா உங்க நியாயம். தெர்மாமீட்டர ஒருத்தர் உடைச்சீங்க, நோயாளி செத்துட்டான்னு ஒருத்தர் எழுதுனீங்க. பொதைக்கிறதுக்கு என்னக் கூப்ட்டீங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று எங்களால் முடியவில்லை. எண்ணிப் பாருங்கள் பெரியோர்களே. புயல் சாய்க்காத வீடு, பூகம்பம் அசைக்காத வீடு, கவனிப்பாரற்றுக் கிடந்த காலமெல்லாம் கலங்காமல் நின்ற வீடு. அதைச் சாய்க்க இருந்தவர்கள் யார்? பயந்து வாய் மூடிய ஒரு பெண்ணும், கூசி வாய் மூடிய இன்னொரு பெண்ணும்.

நோட்டீஸைத் திரும்பப் பெறக் குழுவால்தான் முடியும். குழுவின் முன்னால் போய், என் அறிக்கை தவறு என்று நானேதான் சொல்ல வேண்டும். என் வேலை இன்னும் நிரந்தரமாகாத சமயம் அது. நீளமான மேசை. பதினோரு பேர். தலைவர் அய்யா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க எழுதுனது தப்புன்னு நீங்களே சொல்றீங்களா?"

"ஆமா சார். கண்ணாடி உடைஞ்சது நெஜம். சுவர் உடைச்சதுன்னு எழுதுனதுதான் தப்பு."

"அப்பவே அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?"

"கூச்சமா இருந்துச்சு சார்."

அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அய்யா சொன்னார், "இன்னும் மூணு மாசம். மழைக்காலம் முழுசும் தாங்கட்டும். ஒரு கண்ணாடி உடைஞ்சாலும் நான் வேற பேச்சு கேக்க மாட்டேன்."

இந்த முறை பத்துக் கண்ணாடி. கொத்தனார் அண்ணன் சுவரிலிருந்து நான்கடி தள்ளித் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தார். "சிஸ்டரம்மா, இது ஐசியூ. விசிட்டர் இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது." சிஸ்டரம்மா தாண்டவில்லை. ஆனால் தினமும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, தூசி படிவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார் என்று அக்கம்பக்கத்தினர் சொன்னார்கள்.

மழை வந்தது. எப்படிப்பட்ட மழை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிய மழை. மூன்று தெரு தள்ளி, கட்டி எட்டே ஆண்டான மதில் மல்லாந்து விழுந்த மழை. நான் ஒவ்வொரு நாளும் வந்தேன். வந்து கதவைத் தட்டினேன். சிஸ்டரம்மாவோடு உட்கார்ந்து பேசினேன். எந்த அறையில் யார் பிறந்தார்கள், எந்த ஆண்டு முகப்பிலும் முன்னறையிலும் சிமெண்ட் பூசினார்கள், பூசிய பிறகு எப்போது முதல் சுவர் வியர்க்கத் தொடங்கியது, எல்லாம் கேட்டேன். என் அளவுகோலுக்கு எட்டாதவை எல்லாம் அவர் வாயில் இருந்தன.

தொண்ணூறாம் நாள். பத்துக் கண்ணாடி. பத்தும் முழுதாக இருந்தன.

வேலை தொடங்கியது. விரிசலின் வாயை மட்டும் விட்டுவிட்டுச் சுவரை மூச்சு முட்ட மூடியிருந்த சிமெண்டைக் கொத்தனார் அண்ணன் உளியால் துண்டு துண்டாகப் பெயர்த்தார். அடியில் சுண்ணாம்புக் காரை. விரிசலின் ஓரம் அப்போதுதான் மறுபடி வெளிச்சம் கண்டது. விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

விரிசலுக்கு உள்ளே வண்ணம் இருந்தது.

விளங்கச் சொல்கிறேன். நேற்று விட்ட விரிசல் என்றால் உள்ளே வெறும் செங்கல்தான் தெரியும். சுவருக்கு வண்ணம் அடிக்கும்போதே விரிசல் இருந்தால்தான் வண்ணம் உள்ளே வழியும். நான் எண்ணினேன். வெள்ளை. அதன் மேல் வெளிர் நீலம். அதன் மேல் மஞ்சள். மறுபடி வெள்ளை. அதன் மேல் பச்சை. ஐந்து தலைமுறை வண்ணம் அந்தப் பிளவுக்குள் வழிந்து, காய்ந்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருந்தது. அதாவது, இந்தச் சுவருக்கு முதல் வெள்ளை அடிக்கும் முன்பே இந்த விரிசல் வந்துவிட்டது.

"வீடு கட்டுன புதுசுல தரை ஒரு தடவ உக்காரும்மா," என்றார் கொத்தனார் அண்ணன். அவர் குரலும் தாழ்ந்திருந்தது. "இதுவும் உக்காந்திருக்கு. அதுக்கப்புறம் அசையவே இல்ல."

இந்த வீட்டின் வயது நூற்று நாற்பது ஆண்டுகள். பிறந்த வயதிலேயே பிளந்த சுவர், பிளந்த உடம்போடு நூற்று நாற்பது ஆண்டுகள் நின்றிருக்கிறது. எத்தனை மழையைத் தாங்கியது? எத்தனை பிள்ளைகள் அதில் முதுகைச் சாய்த்துப் பாடம் படித்தார்கள்? எத்தனை பேர் அதைப் பார்த்து, இது இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டு, தாங்கள் போய்ச் சேர்ந்தார்கள்? நான் உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. என்னைவிட நூறு வயதுக்கு மேல் மூத்த ஒன்று, தன் காயத்தை மறைக்காமல், தன் பாரத்தை இறக்காமல், ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறது. படித்த படிப்பெல்லாம் அந்தச் சுவரின் முன் மிகச் சிறியதாகத் தெரிந்தது. சொல்ல வெட்கமில்லை, அழுதுவிட்டேன். சிஸ்டரம்மா என் கன்னத்தைத் துடைத்தார். அழுத்தாமல்தான் துடைத்தார்.

இன்று இந்த வீட்டில் ஏழு அறையும் திறந்திருக்கின்றன. மாடி ஜன்னல்களுக்குத் தச்சர் செய்த கதவுகள் வந்துவிட்டன. சுவர் உலர்ந்து மூச்சு விடுகிறது. விரிசலுக்குள் சுண்ணாம்புச் சாந்து நிரப்பியிருக்கிறோம், ஆனால் அதன் தடத்தை மறைக்கவில்லை. நீங்கள் எல்லோரும் போய்ப் பாருங்கள்.

தலைவர் அய்யா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு செய்தி, முடித்துவிடுகிறேன்.

சுவருக்கு வாய் கிடையாது. அது நிற்கும், தாங்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம். அதற்காகச் சொல்ல வேண்டியவர்கள் நாம். படித்தவள் கேட்காமல் எழுதினால், குடியிருப்பவர் சொல்லாமல் இருந்தால், மண் தாங்கிய வீட்டையும் காகிதம் இடித்துவிடும்.

என் கோப்பில் இன்னும் இரண்டு வீடுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் அறிக்கை எழுதியது நான்தான். இரண்டிலும் 'அபாயம்' என்ற சொல் என் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டு வீட்டிலும் நான் ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அய்யா என்னைத் திரும்பிப் பார்க்கிறார். ஆமாம் அய்யா, காலையில் உங்களிடம் ஒரு உறை கொடுத்தேனே, அதில் இதைத்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் இன்னும் பிரிக்கவில்லை.

அந்த இரண்டில் ஒரு வீட்டுக்காரர் இந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அச்சுக்கூடத்து அய்யா, வணக்கம். இந்த வீட்டுக்கு வரும் முன்பே உங்கள் வீட்டை வெளியில் நின்றே அளந்துவிட்டுப் போனேன். நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருகிறேன். கதவைத் தட்டுவேன். உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்குச் சொல்லுங்கள்.

என்ன சொல்கிறீர்கள் அய்யா? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

"எட்டு மணிக்கே வந்துடும்மா, ஒம்பதுக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சிடும், நீ தட்டுறது கேக்காது" என்கிறார்.

சரி அய்யா, எட்டு மணி.

இந்த மெல்லிய குரலை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், பொறியாளர் அவர்களுக்கும், சிஸ்டரம்மாவுக்கும், கொத்தனார் அண்ணனுக்கும், கூடியிருக்கும் உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, நாளை சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியவளாக விடைபெறுகிறேன். வணக்கம்.