நான்காவது நிமிடத்தின் இரைச்சல்

ஓடுகிறோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, குனிந்தபடி, மலையேறி ஓடுகிறோம். மழை. கவாத்து வெட்டிய கிளைகள் காலைக் கிழிக்கின்றன. கீழே எங்கள் லயத்து வீடுகள் வரிசையாக எரிகின்றன. கூரைத் தகரம் சூட்டில் வெடிக்கும் சத்தம். அதற்கும் மேலே இன்னொரு சத்தம். ஆட்களின் சத்தம். நூறு பேரா, முந்நூறு பேரா, தெரியாது. தனித்தனியாக ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஒரே இரைச்சல். ஏறும். இறங்கும். மறுபடி ஏறும்.

"திரும்பிப் பாக்காத, பாக்கியம். புள்ளயத் தூக்கிக்கிட்டு மேல போ."

என் புருஷன் வீராசாமியின் குரல். மூன்று வயது சரோஜாவை என் கையில் போட்டார். கீழே திரும்பினார். லயத்துக் கடைசி வீட்டுக் காம்பிராவில் நடக்க முடியாத கிழவி ஒருத்தி இருந்தாள். அவளைத் தூக்கி வரப் போனார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னபடி செய்தேன்.

1958. இலங்கையில் சிங்களவர் தமிழரை அடித்த கலவரம். மே மாதத்தின் கடைசி நாட்கள். பொல்பிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் சொல்ல மாட்டேன். என் சனம் இன்னும் அங்கே கொழுந்து பறிக்கிறது.

இருட்டில் பாதை தவறினேன். பக்கத்துச் சிங்கள ஊர் எல்லையில் இருந்த வடிகால் கானுக்குள் இறங்கிப் படுத்தேன். இடுப்பளவு தண்ணீர். குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தேன். ஒரு கை என் தோளைப் பிடித்தது. செத்தோம் என்று நினைத்தேன். குணபால.

குணபால சிங்களப் பையன். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் என் புருஷனோடு வேலை. தோட்டத்துப் பந்தாட்டக் குழுவில் இருவரும் ஆடினார்கள். இவர் கோல் காப்பவர். அவன் முன்னால் ஓடுபவன். அவன் எங்களைத் தன் வீட்டு அடுப்படிக்குக் கொண்டுபோனான். விறகுக்குப் பின்னால் உட்கார வைத்தான். அவனுடைய அம்மா சாக்கை இழுத்து எங்கள்மேல் போட்டாள். வாசலில் ஆட்கள் வந்து கேட்டார்கள். இங்கே யாரும் இல்லை என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. விடிந்ததும் பட்டாளத்து லொறி வந்தது.

தலவாக்கலையில் ஒரு பள்ளிக்கூடம். அதுதான் எங்களுக்கு முகாம். வகுப்பறைக்கு எட்டுக் குடும்பம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். ஜூன் முழுக்க மழை. நான் தினமும் வாசலில் நின்றேன். ஒவ்வொரு லொறியையும் பார்த்தேன். வீராசாமி வரவில்லை. யாரும் அவரைப் பார்க்கவுமில்லை.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டரும் அங்கேதான் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பந்தாட்டக் குழுவைக் கட்டியவர் அவர். ஓடும்போது எல்லாரும் துணிமணி எடுத்தார்கள். அவர் தன் பெட்டரி ரேடியோவைத் தூக்கி வந்திருந்தார். கலவரத்துக்கு முன்பே குழுவுக்குள் ஒரு பேச்சு இருந்தது. உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தை எல்லாரும் சேர்ந்து கேட்பது. பிரேசிலுக்கும் சுவீடனுக்கும் ஆட்டம் என்பது ஜூன் கடைசியில்தான் தெரிந்தது. ஆனால் பிரேசில்தான் கோப்பையைத் தூக்கும் என்று வீராசாமி மே மாதமே வீட்டில் சொன்னார். தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கேட்டும் கேட்காமலும் இருந்தேன்.

ஜூன் 29. ஞாயிற்றுக்கிழமை.

மத்தியானப் பஸ்ஸில் குணபால வந்து இறங்கினான். தனியாக. தலை முழுக்க நனைந்திருந்தது. முகாமே அவனைப் பார்த்தது. அவன் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றான். நான்தான் போய்க் கூட்டி வந்தேன். வீராசாமியைத் தேடி ஆற்றோரம் வரை போனதாகச் சொன்னான். ஒன்றும் கிடைக்கவில்லை என்றான். அவன் ஏன் வந்தான் என்று நான் கேட்கவில்லை. ஆட்டம் கேட்க வந்திருந்தான். கொடுத்த வாக்கு.

மாஸ்டர் சவுக்கு மரத்தில் ரேடியோவின் ஏரியல் கம்பி கட்டினார். ஏழரை மணிக்கு ஆட்டம். எங்கள் குழுவில் ஆறு பேர் முகாமில் இருந்தார்கள். குணபாலவோடு ஏழு. மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வீராசாமியின் இடத்தில் உட்காரச் சொன்னார்கள். சரோஜா என் மடியில். மற்ற அறைகளில் சனம் படுத்துவிட்டது. அரிக்கன் லாம்பு ஒன்று.

இரைச்சலுக்குள் ஓர் இங்கிலீஷ் குரல் வந்தது. மாஸ்டர் தமிழில் சொன்னார். பந்து இன்னாரிடம். இன்னார் உதைக்கிறார். ஏழு முகமும் மேசைமேல் குனிந்திருந்தன. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவர்கள் பேச்சில் கலவரம் இல்லை. குரல் மங்கியது. சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். மாஸ்டர் குமிழைத் திருகினார். முழுதாகத் திருகினார்.

நான்காவது நிமிடம். சுவீடன் கோல் அடித்தது. அவர்கள் ஊரில் நடந்த ஆட்டம். அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அந்தச் சத்தம்.

எனக்குத் தெரியும் அது ரேடியோ என்று. மேசைமேல் கண்ணெதிரே இருந்தது. ஆனாலும் என் கை குழந்தையின் வாயைப் பொத்தியது. ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. அதே இரைச்சல்.

பக்கத்து அறையில் யாரோ கத்தினார்கள். "வந்துட்டானுங்க! ஓடுங்க!"

பெஞ்சுகள் கவிழ்ந்தன. கதவு உடைந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, மழைக்குள் ஓடினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் செங்குத்தான சரிவு. அதற்குக் கீழே ரயில் பாதை. ஓடியவர்கள் அந்தப் பக்கம்தான் ஓடினார்கள்.

மாஸ்டர் வாசலுக்குப் பாய்ந்தார். "ஒருத்தரும் ஓடாதேங்கோ! இது ரேடியோ!" மழையில் அவர் குரல் எடுபடவில்லை. சரோஜாவை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு நானும் வெளியே ஓடினேன். குணபால அவரைத் தாண்டி ஓடினான். அவன் கால் வேகம் எல்லாரும் அறிந்தது. சனத்துக்குப் பின்னால் ஓடினான். தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினான்.

"ஓட வேணாம்! ரேடியோ சத்தம்! ஓட வேணாம்!"

சிங்களவர் பேசும் தமிழ். இருட்டில், முதுகுக்குப் பின்னால், அந்தக் குரல். சனம் இன்னும் வேகமாக ஓடியது.

முனியாண்டி மாமா கடைசியாக ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் லயத்து மனிதர். கவாத்துக்காரர். அந்த மே மாத இரவு முழுக்கக் கானுக்குள் படுத்து உயிர் தப்பியவர். அவர் திரும்பிப் பார்த்தார். தன்னை நோக்கி ஓடி வரும் உருவத்தைப் பார்த்தார். கையை நீட்டிக்கொண்டு வந்தான் குணபால. பிடித்து நிறுத்தத்தான். மாமா பின்வாங்கினார். சரிவின் விளிம்பு. சத்தம் போடாமல் விழுந்தார்.

குணபால சரிவில் சறுக்கியபடியே இறங்கினான். மாமாவைத் தோளில் தூக்கி வந்தான். வராந்தாவில் கிடத்தினான். தலையின் பின்பக்கம் நசுங்கியிருந்தது. நான் மடியில் ஏந்தினேன். கண் திறந்திருந்தது. குணபாலவைத்தான் பார்த்தது.

"தாயி, அவன் போய்ட்டானா?" என்று கேட்டார்.

"போய்ட்டான் மாமா. இங்க நம்ம ஆளுங்கதான்."

அப்படித்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? குணபாலவுக்குத் தமிழ் புரியும். எழுந்து மழைக்குள் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் மாமாவின் மூச்சு நின்றது.

சரோஜாவைத் தேடி வகுப்பறைக்குப் போனேன். அவள் மேசைக்கு அடியிலேயே இருந்தாள். அழவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அந்த இங்கிலீஷ்காரன் மூச்சு வாங்கப் பேசினான். மறுபடி சனம் கத்தியது. யார் கோல் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நிறுத்தப் பார்த்தேன். எந்தக் குமிழ் என்று தெரியவில்லை. ஒன்றைத் திருகினேன். சத்தம் கூடியது. கம்பியைப் பிடித்து இழுத்தேன். கம்பி கையோடு வந்தது. ரேடியோ ஒரே இரைச்சலாக இரைந்தது. பிறகு மாஸ்டர் வந்துதான் அணைத்தார்.

பிரேசில் ஐந்து, சுவீடன் இரண்டு. பத்திரிகையில் பார்த்து மாஸ்டர் எனக்குச் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அந்த ரேடியோவை அவர் அதன்பின் திறக்கவில்லை. குணபால விடியற்காலைப் பஸ்ஸில் போய்விட்டான். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா செத்தது அவனால் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பஸ் புறப்பட்டுவிட்டது.

அரசாங்கத்து ஆள் ஒருவர் முகாமுக்கு வந்தார். முனியாண்டி, மழையில் சறுக்கி விழுந்து மரணம் என்று எழுதினார். கலவரத்தில் செத்தவர்களோடு சேர்க்கவில்லை. கலவரம் முடிந்துவிட்டது என்றார்.

நான் சேர்க்கிறேன்.

எங்கள் லயத்தில் பதினாறு காம்பிரா. எல்லாம் எரிந்தது. கடைசிக் காம்பிராக் கிழவி, அங்கேயே. அவளைத் தூக்கப் போன வீராசாமி, வயது இருபத்தொன்பது, உடல் கிடைக்கவில்லை. பந்தாட்டக் குழுவின் மற்ற மூன்று பேர், பெயர் மாடசாமி, செபஸ்தியான், சின்னக் கருப்பன். முனியாண்டி மாமா, ஜூன் 29, ஆட்டம் தொடங்கி நான்காவது நிமிடம். மொத்தம் ஆறு பேர்.

குணபாலவை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவன் சாகவில்லை. ஆனால் அவன் அதற்குப் பிறகு ஒரு தமிழ் வார்த்தையும் பேசவில்லை என்று அவனுடைய அம்மா பின்னாளில் என்னைக் கண்டபோது சொன்னாள்.