யாரும் நீக்காத குழு

கைப்பேசி பழுதாகிவிட்டதென்றே அந்த அம்மாளின் வீட்டில் நம்பியிருந்தார்கள். மலேசியாவின் தஞ்சோங் காராங் கிளினிக் வரிசையில், எனக்கு முன்னால் அமர்ந்து, முன்பு தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டில் குடியிருந்த தோழியிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நம்ம லயத்து வாட்சப் குரூப்புல ரெண்டு மாசமா ஒன்னுமே வரல, பாக்கியம். மகன் புது போனே வாங்கிக் குடுத்துட்டான்.”

“போன் நல்லாத்தான்க்கா இருக்கு. நீங்க விடிஞ்சா இருபது சாமி படம் போடுறீங்கன்னு, எல்லாரும் வேற குரூப்புக்குப் போயிட்டோம்.”

“என்னைய மட்டும் தூக்கியிருக்கலாமே லா?”

“மூத்தவங்கள எப்படிக்கா தூக்குறது? மரியாதையா இருக்காதே.”

“அப்போ, கோயில் திருவிழா?”

“போன வாரமே முடிஞ்சிருச்சு.”

அந்த அம்மாள் கைப்பேசியை நீட்டினார். “இதுல இப்ப யாருதான் இருக்கா?”

பாக்கியம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“நீங்க. அப்புறம், செத்துப்போன அண்ணனோட நம்பர்.”

அண்ணன் என்றது அந்த அம்மாளின் கணவரை. அவர்கள் இருவர் மட்டுமே அந்தக் குழுவில் மீதி.