கரண்டிச் சத்தம்

எங்கள் வீட்டு டீவிச் சத்தம் கொஞ்சம் கூடுதல் என்று பக்கத்து வீட்டு ஸம்றா அடிக்கடி குறைப்படுவாள். அவள் சொல்வது சரிதான். வாப்பாவின் மரண விசாரணைக்கு வந்த அன்று அதைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்தேன், சேர். நீங்கள் அவருடைய வயதையும் நோயையும் கேட்டு எழுதி, தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவளான ராத்தா ஹாஜறாவுக்கு வேறு வீடு கட்டிக் கொடுத்த வாப்பா, தான் இருந்த வீட்டைக் கடைக்குட்டியான எனக்கு எழுதினார். வீட்டோடு அவரும் எனக்கு வந்தார். என்னைக் கட்டிய மாப்பிள்ளை கட்டார் நாட்டில் வேலை. பாரிசவாதத்தில் வாப்பாவின் பேச்சும் இடப்பக்கமும் போனபின், வலக்கையில் ஒரு தேக்கரண்டியைக் கொடுத்தேன். கட்டில் கம்பியில் இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால் துணி மாற்ற வேண்டும். ஆறு வருடம் அந்தச் சத்தம் கிணற்றடிக்கும் வந்தது, தொழுகைப் பாய்க்கும் வந்தது.

ஒரு கிழமைக்கு, ஏழே நாளைக்கு மட்டும் வாப்பாவைக் கூட்டிப் போகும்படி ராத்தாவிடம் கேட்டேன்.

"எனக்கு நெஞ்சு தாங்காது புள்ள. வாப்பாவ இந்தக் கோலத்தில பாக்க ஏலா. ஒனக்குத்தான் அல்லாஹ் பொறுமையத் தந்திரிக்கான்" என்று கண்ணைத் துடைத்தாள்.

சுகம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் எனக்குச் சுவர்க்கம் நிச்சயம் என்றார்கள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. தூர தேசத்து யுத்தத்தில் இடிந்த வீடுகளைச் செய்தியில் காட்டத் தொடங்கிய காலத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நோன்பு பிடித்து அவர்களுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன். பிறகு அதைப் பார்த்தபடியே மீன் முள் எடுத்துச் சாப்பிடப் பழகிவிட்டேன். வாப்பா விடயத்திலும் அப்படித்தான் ஆனது. முதலில் இரண்டாவது தட்டு விழுமுன் எழும்புவேன். பிறகு விளம்பரம் வரட்டும் என்றிருந்தேன். பிறகு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

அந்த வியாழன் பகல் அவருக்குக் கஞ்சி பருக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கரண்டி தட்டியது. இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை, எண்ண முடியாத தட்டு. புரையேறினால் அப்படித்தான் தட்டுவார். முன்பு நாலு தடவை ஓடிப்போய்ச் சரித்துப் பிடித்து முதுகில் தட்டிக் காப்பாற்றியிருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரியும், சேர். முப்பத்திரண்டில் இருந்த டீவிச் சத்தத்தை நாற்பதுக்குக் கூட்டினேன்.

செய்தியில் இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு எடுத்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்துச் சத்தத்தைக் குறைத்தேன். அறையில் ஒன்றும் கேட்கவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். இரக்கமில்லாதவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்காக நான் இன்றைக்கும் துஆக் கேட்கிறேன்.