வெள்ளை நாடாவின் மறுபக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் செவிலியர் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளிச் செவிலியர்களே, வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, மூன்றாவது வரிசையில் கறுப்பு டையோடு வீற்றிருக்கும் டாக்டர் குக் அவர்களே! எல்லோருக்கும் வணக்கம். உங்களுக்கும்தான், டாக்டர்.

என் பெயர் தோ கியோங்மி. இந்த டேகு நகரில், டாக்டர் குக்கின் குழந்தைகள் மனநல மருத்துவமனையில், தலைமைச் செவிலியர் பாங் உன்சுக்குடன் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள். எனக்கு அவர் பாங் அக்கா. அவருடைய இந்த இரங்கல் கூட்டத்துக்கு நான் அழ வரவில்லை. அழுது முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது கோபம் மட்டும்தான்.

ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காத, அடங்காத துறுதுறுப்பு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒரு தாய் வெளியே வந்தால், முதலில் எங்கே போவாள்? அக்காவின் மேசைக்குத்தான். ஒரு நாள் ஒருவர் உட்கார்ந்ததுமே அழுதார். "வயித்துல இருக்கும்போது நான் கோபப்பட்டேனாம். அதான் புள்ள இப்படி ஆடுதுன்னு மாமியார் சொல்றாங்க."

அக்கா சிரிக்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் சின்ன வயசுல எப்படி இருந்தாருன்னு மாமியாரையே கேளுங்க. இது பெரும்பாலும் குடும்பத்துல வர்றதும்மா. குறைமாசத்துல பொறந்தா, எடை கம்மியா பொறந்தா வாய்ப்பு கொஞ்சம் கூடும். கோபத்தால வராது. வரும்னா இந்த ஊர்ல ஒரு புள்ளகூட ஒரு இடத்துல உக்காராது!"

அந்தத் தாய் அழுகையோடு சிரித்தார். அதன் பிறகுதான் அக்கா மருந்தைப் பற்றிப் பேசுவார். காலையில் சாப்பாடு கொடுத்துவிட்டு மாத்திரை கொடுங்கள், பசி குறையும் என்பார். பிள்ளை வரும்போதெல்லாம் உயரமும் எடையும் பார்ப்பார். வீட்டில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார்.

இந்த மருந்தைப் பற்றி ஒரே ஒரு சொல்லை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. 'படிப்பு மாத்திரை!' யாராவது சொன்னால் போதும், பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "படிப்புக்கு மாத்திரையா? எந்தக் கடையில விக்கிறாங்க? எனக்கும் ரெண்டு வாங்கிக் குடுங்க, நானும் டாக்டராயிடறேன்!"

அந்தச் சொல்லை இந்த ஊரின் தனிப்பயிற்சி வகுப்புகளுக்குள் கொண்டுபோனது யார்? பெற்றோர் கூட்டத்தில் ஒலிபெருக்கி பிடித்து, "எந்தப் பிள்ளைக்கும் மூளை கூர்மையாகும்" என்று சொன்னது யார்? நீங்கள்தானே, டாக்டர்!

அந்தக் கூட்டத்தில் ஹாயுலின் அம்மாவும் இருந்தார். ஹாயுல் எங்களிடம் மருந்து வாங்கிய சின்னப் பெண். அவள் அக்கா ஹாஜினுக்கு அந்த ஆண்டு கல்லூரி நுழைவுத் தேர்வு. தேர்வு நாள் காலையில் அம்மா கடற்பாசி சூப் வைக்கவில்லை. வழுக்கும், மதிப்பெண்ணும் வழுக்கிவிடும் என்று பயம். சூப்புக்குப் பயந்தவர், தங்கையின் மாத்திரை இரண்டை எடுத்து அக்காளுக்குக் கொடுத்தார்! ஹாஜின் தேர்வறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். உயிர் தப்பியது. தேர்வு போனது.

விசாரணையில் டாக்டர் குக் என்ன சொன்னார்? "செவிலியர் சரியாக விளக்கவில்லை" என்றார். அம்மா வாய் திறக்கவில்லை. சின்ன மகள் மனநல மருந்து சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால் நாளை யார் வேலை கொடுப்பார்கள், யார் பெண் கேட்பார்கள் என்ற பயம். பாங் அக்காவின் வேலை போனது. முறையீடு செய்தார். அது முடிவதற்குள் கணையப் புற்றுநோய் அவரை முடித்துவிட்டது. முறையிட்டவர் இறந்துவிட்டதால் வழக்கை மூடிவிடலாம் என்று டாக்டரின் வக்கீல் நேற்று மனு போட்டிருக்கிறார். நேற்று! சாம்பல்கூட ஆறவில்லை, ஐயா!

ஹாயுல் அம்மா, உங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நேற்று மாலை நீங்கள் என் வீட்டு வாசலில் நின்றீர்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு ஆண்டுகள் ஒட்டியிருந்த தாளைக் கொடுத்தீர்கள். இதோ அந்தத் தாள். மூத்தவளுக்கும் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்ட அன்று பாங் அக்கா கைப்பட எழுதியது. 'ஹாயுலுக்கு மட்டும். ஹாஜினுக்கு ஒருபோதும் வேண்டாம்.' அடியில் உங்கள் கையொப்பம். விளக்கவில்லையா, டாக்டர்? சத்தமாகச் சொல்லுங்கள், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை!

வழக்கு மூடாமல் இருக்க வேண்டுமானால், அக்காவிடம் ஆலோசனை பெற்ற தாய்மார்கள் தங்கள் சொந்தப் பெயரில் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்தால், பிள்ளை என்ன மருந்து சாப்பிடுகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அது சின்ன விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

வாசலில் மூன்றடுக்கு மலர்வளையம் ஒன்று நிற்கிறது. நாடாவில் 'பிள்ளைகளின் காவல் தெய்வத்துக்கு, டாக்டர் குக்' என்று எழுதியிருக்கிறது. அந்த நாடாவை நான் அவிழ்த்துக் கொண்டுவந்துவிட்டேன். நல்ல வெள்ளைத் துணி. பின்பக்கம் காலியாக இருக்கிறது. வியாழக்கிழமை விசாரணை மேசையில் புகாரோடு இதையும் விரிப்பேன். ஒரு பக்கம் அவர் பெயர், மறுபக்கம் நம் பெயர்கள்.

பாங் அக்கா, உங்கள் மேசையில் இனி நான் உட்காருவேன். உங்கள் பெயரில் இருக்கும் கறையை அது வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவேன். இது சத்தியம்.

யாரது எழுந்திருப்பது? வாருங்கள், ஹாயுல் அம்மா. இந்தாருங்கள் பேனா. இல்லை, 'ஹாயுல் அம்மா' என்று எழுதாதீர்கள். உங்கள் பெயரை எழுதுங்கள்.