கட்டைப்பையில் நான்கு பேர்

பஸ்ஸில் மடிமேல் கட்டைப்பை வைத்திருப்பவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. உள்ளே முருங்கைக்காய் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். என் பையில் ராபின், ஜீவா, கோகிலவாணி, லூசி நால்வரும் இருந்தார்கள். அதாவது, அவர்களுடைய ஆபீஸ் போன்கள். நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதி அனுப்பச் சொன்னீர்கள், மேடம். சென்னையிலிருந்து விசாரிப்பவர் நீங்கள், மறைக்க என்ன இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக் கிளையில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். கல்வராயன் மலையில் வீடு வீடாகப் போய், நம் நிறுவனம் மாட்டிய சோலார் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது வேலை. பார்த்ததை அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் கீழே கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. ஐந்து பேரும் மலையில் நின்றால் ஏற்றுவது யார் என்று சென்னையில் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிப்பதற்குப் பதிலாக ஓர் ஆப் அனுப்பினார்கள். காலையில் மலைமேல் நின்று அதில் பொத்தானை அமுக்கினால்தான் சம்பளம். போன் இருக்கும் இடத்தில் ஆளும் இருப்பார் என்று அந்த ஆப் குழந்தைபோல நம்பியது.

ஆகவே நான் ஒருவன் ஏறினேன். மற்றவர்கள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் அனுப்பும் படங்களைப் பார்த்துக் கீழே ஏற்றினார்கள். போன் திறக்கும் எண்ணையும் சொல்லியிருந்தார்கள். கோகிலவாணி மட்டும் பூட்டே போடவில்லை. “அதுல திருட இன்னா கீது, என் மூஞ்சிதான் கீது” என்பாள்.

கரியாலூர் தாண்டி ஒரு வளைவில், பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். பக்கத்தில் தைலம்மாள் டீக்கடை. நான் நால்வரையும் பெஞ்சில் வரிசையாக வைத்து, வெயில் படாமல் துண்டு போர்த்துவேன்.

“இன்னாபா மாயவா, நாலு பேரும் வந்துட்டாங்களா? டீ போடட்டுமா எல்லாருக்கும்?” என்பாள் தைலம்மாள்.

“லூசிக்கு வேணாம்மா, அவளுக்குச் சூடு ஜாஸ்தியாயிடுச்சு” என்பேன். அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தப் போன் உண்மையிலேயே சீக்கிரம் சூடாகும்.

போன்கள் நல்ல சகாக்கள், மேடம். கீழே ஆபீஸில் இருக்கும் நால்வரைப் போலப் பாதிப் பேச்சில் எழுந்து போகமாட்டார்கள்.

பதில் போடுவது தானாகவே வந்தது. ஏரியா மேனேஜர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ‘குட் மார்னிங்’ அனுப்புவார். நால்வரும் பேசாமல் இருந்தால் மரியாதையில்லை என்று ஆளுக்கொரு பூ அனுப்பினேன். பிறகு என் பிறந்தநாள் வந்தது. வழக்கமாக யாருக்கும் நினைவிருக்காது. அந்த வருஷம் நால்வரும் காலையிலேயே வாழ்த்தினார்கள். மேனேஜரே கேக் படம் போட்டார். மாலையில் போனை வாங்கிப் பார்த்த ராபின், “இன்னாண்ணே, நானு உங்கள இவ்ளோ பாராட்டிக்கீறனா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் அழிக்கவில்லை. அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

ஜீவா கேட்டிருந்த லீவை நான்தான் வேண்டாமென்று எழுதினேன். லீவு கிடைத்தால் அவன் குடிப்பான். ராபினை ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். அவன் மாதா கோயிலுக்குப் போய்ப் பின்வரிசையில் தூங்குகிறவன். இரண்டும் அவர்களுடைய நன்மைக்கு.

லூசி விஷயமும் அப்படித்தான் தொடங்கியது. அவள் வீடு திருக்கோவிலூரில். குழந்தை எழுமுன் பஸ் ஏறுவாள், குழந்தை தூங்கியபின் வீடு சேருவாள். திருக்கோவிலூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு நெடுநாளாகக் காத்திருந்தாள். ஒருநாள் பாறைமேல் நிற்கும்போது அவள் போனில் மேனேஜரின் செய்தி வந்தது: ‘இடம் காலியாகிறது. வருகிறீர்களா? மதியத்துக்குள் சொல்லவும்.’

நான் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். நான் மலையிலிருந்து இறங்கும் நேரத்தில் “சாப்டீங்களாண்ணே?” என்று கேட்கிற ஒரே ஆள் லூசி. புதன்கிழமைகளில் எனக்கென்று தனி டப்பாவில் மீன்குழம்பு வரும். அவள் போய்விட்டால் அந்த ஆபீஸ் ஆபீஸாக இருக்காது. ஐந்து பேரும் ஒரு குடும்பம். குடும்பத்தைப் பிரிப்பது பாவம்.

‘இப்போதைக்கு விருப்பமில்லை சார்’ என்று அனுப்பினேன். மாலையில் அவளைக் குழப்ப வேண்டாமென்று இரண்டு செய்தியையும் அழித்தேன்.

அடுத்த மாதம் மேனேஜர் நேரில் வந்தார். லூசி தயங்கித் தயங்கி மாற்றலைப் பற்றிக் கேட்டாள்.

“நீங்கதானம்மா வேணாம்னு எழுதுனீங்க? அந்த எடத்த வேற கிளை எழில்மதிக்குக் குடுத்தாச்சே” என்றார்.

லூசி என்னைப் பார்த்தாள். ‘நான் எழுதவில்லை’ என்று சொன்னால், போன் அன்று எங்கே இருந்தது என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் ஐந்து பேர் வேலையும் போகும். அவள் வாயைத் திறக்கவில்லை. எங்கள் குடும்பம் எவ்வளவு கட்டுக்கோப்பானது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, அன்னிக்கு மெசேஜ் வந்துச்சா?”

“சிக்னலே இல்ல லூசி.”

“கொழந்த என்னப் பாத்து ஆன்ட்டின்னு கூப்புடுதுண்ணே” என்றாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பிறகு அவள் செய்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சென்னைக்குப் போன் போட்டு, என்மேல் புகார் சொன்னதோடு, தானும் மலையேறாமல் போனைக் கொடுத்தனுப்பியே வருகை போட்டதாகத் தன் தப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். மறுநாள் பையில் லூசியின் இடம் காலியாக இருந்தது. மற்ற மூன்று போனிலும் பாறைமேல் உங்கள் கேள்வி வந்து விழுந்தது: ‘லூசி சொல்வது உண்மையா?’

மூவரும் இல்லையென்றார்கள். தினமும் ஐந்து பேரும் ஏறுவதாகவும், லூசிதான் பாதி நாள் பொத்தானை அமுக்கியதும் இறங்கிவிடுகிறாள் என்றும் எழுதினார்கள். கோகிலவாணி சற்று நீளமாக எழுதினாள். ராபின் எழுத்துப்பிழையோடுதான் எழுதுவான். அதையும் நான் விட்டுவிடவில்லை. அதை வைத்து நீங்கள் லூசியை வேலையிலிருந்து தூக்கினீர்கள். அது நான் எதிர்பார்க்காதது. மிரட்டி விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

இப்போது யாரும் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. ஆபீஸில் பேச்சும் கம்மியாகிவிட்டது. அதனால்தான் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், மேடம். அந்த மூன்று பதிலும் நான் அடித்தவை. லூசி சொன்னது முழுக்க உண்மை. அவளைத் திரும்ப வேலைக்கு எடுங்கள். கள்ளக்குறிச்சியிலேயே.

லூசியைத் தூக்கியதிலிருந்து மற்ற மூவருக்கும் பயம். ஒருநாள்கூடத் தவறாமல் போனைக் கொண்டுவந்து என் பையில் போடுகிறார்கள். இதை பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கச்சிராயபாளையம் தாண்டியாயிற்று. என்னை மன்னித்துவிடச் சொல்லி அவர்கள் மூவரும் உங்களுக்குத் தனித்தனியாக எழுதுவார்கள். பாறைக்குப் போய்ச் சேர்ந்ததும் வரும்.