லைன் எடுக்காத செட்டு

இல்ல தம்பி, இந்தப் போன் செட்டுல பழுது ஒண்ணும் இல்ல. நல்லா லைன் எடுக்குது, நாலு கோடும் நிக்குது பாருங்க. எடுக்காமப் பண்ணணும். அதுக்குத்தான் ரங்கூனுக்கு அந்தக் கோடி, தாமுவேலேர்ந்து வந்தேன்.

சிரிக்காதீங்க. மெதுவாப் பேசுங்க, வாசல்ல சைக்கா வண்டியில எங்க வீட்டுக்காரி உக்காந்திருக்கா. போனு ஏன் அடிக்கலன்னு காட்ட வந்திருக்கோம்னு அவ நெனப்பு.

ஞாபகம் இல்லியா? போன வருஷம் ஒரு அமெரிக்கா செட்டு கொண்டாந்தேனே, எங்க மவன் வாஜித் அனுப்புனது. நீங்கதான் பாத்துச் சொன்னீங்க. அது அந்த ஊரு அலைவரிசைக்குச் செஞ்சது, எண்ணூத்தம்பதும் ஆயிரத்தித் தொள்ளாயிரமும்தான் எடுக்கும், ரங்கூன் டவரு தொள்ளாயிரம், இங்க லைனே வராதுன்னு. அப்படியே போயி அவகிட்டச் சொன்னேன். தொள்ளாயிரத்துக்கு மேல ஆயிரம் கூடத்தானே இருக்கு, எடுக்குறதுக்கென்னன்னு என்கிட்டச் சண்டைக்கு வந்தா. ஆனா அன்னிக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்குனா.

ஏன்னா அதுக்கு முந்தி, பக்கத்து வீட்டு போன்ல அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா. அவன் கட்டிக்கிட்ட பொண்ணு என் வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு. அந்தப் பொண்ணும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. அதோட அவன் போன் பண்றது நின்னு போச்சு. பக்கத்து வீட்டுக்காரங்களும் வீட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. அந்தப் போன் சண்டைக்கு முந்தி அவன் ஆள்கிட்டக் குடுத்து விட்ட அமெரிக்கா செட்டு, சண்டைக்கப்புறம் வந்து சேந்துச்சு. அக்கா மவன் உதுமான் கப்பல் வேலைக்குப் போறப்ப தன் சிம்ம எங்ககிட்ட விட்டுட்டுப் போனான், அத அந்தச் செட்டுல போட்டு வச்சோம். அந்த நம்பரு வாஜிதுக்குத் தெரியும். அதனால இவளுக்கு ஒரே நம்பிக்க. எம்புள்ளைக்குக் கோவமே தங்காது, கூப்புட்டுக்கிட்டேதான் இருப்பான், செட்டுதான் எடுக்கலன்னு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லுவா.

இப்ப உதுமான் சிங்கப்பூர்லேர்ந்து இதக் கொண்டாந்துட்டான். எல்லா ஊரு அலைவரிசையும் எடுக்குமாம். புண்ணியம்னு நெனச்சுத்தான் செஞ்சான், பாவம். அன்னிலேர்ந்து அவ வெளிய தெருவ போறதில்ல. கரண்டு வந்தா மொதல்ல இதுக்குத்தான். அடுப்படிக்கும் கூடவே வருது. கோடு நிக்குதே, ஏன் அடிக்கலன்னு என் மூஞ்சியப் பாக்குறா.

கேக்கக் கூச்சமா இருக்கு. இதுலேர்ந்து தொள்ளாயிரத்த மட்டும் எடுத்துற முடியுமா? மத்ததெல்லாம் இருக்கட்டும்.

முடியாதா. சரி. அப்ப வெளிய வந்து, இதுவும் அந்த ஊருச் செட்டுதான், கோடு சும்மா காட்டுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா கண்டுபுடிச்சுருவா. உங்கள நம்புவா.

யாரு, வாஜிதா? சேச்சே, நல்லாருக்கான். மாசா மாசம் ஒரு வெள்ளிக்கிழம ஜும்மாத் தொழுக முடிஞ்சு பள்ளிவாசல் ஆபீஸ் போன்ல என்கிட்டப் பேசுறானே. போன வாரம் கூடச் சொன்னேன், இப்ப செட்டு எடுக்குது, வீட்டுக்கே அடின்னு. யாரு எடுப்பாங்கன்னு கேட்டான். உம்மாதான்னு சொன்னேன். பரவால்ல வாப்பா, பள்ளிவாசல் நம்பரே இருக்கட்டும்னான்.